பழத்தோலில் ஹைட்ரஜன்: எப்படி இயங்குகிறது?

ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மாவிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. பழக்கூழ் ஆலையின் கழிவில் ஹைட்ரஜன் எடுப்பதும் இதே வேலைதான்; உயிர்கள் மட்டும் வேறு.

முதலில் அரவை. கொட்டையை ஒதுக்கிவிட்டு, மாம்பழத் தோலையும் நாரையும் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். ஆரஞ்சுத் தோலென்றால் தனிக் கவனம்: அதன் வாசனை எண்ணெய் நுண்ணுயிரை முடக்கிவிடும்.

குளிர்காலத்தில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்போமே, அந்த இடத்தில் இங்கே சாண எரிவாயுக் கலனின் அடிச்சேறு. அதில் ஹைட்ரஜனை விடும் கூட்டமும் உண்டு, விட்டதைத் தின்று மீத்தேனாக்கும் கூட்டமும் உண்டு. சேற்றை நன்றாகச் சுடவைத்தால் தின்னும் கூட்டம் செத்துப்போகும். விடும் கூட்டத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகை, வித்தாக ஒடுங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு காற்றுப் புகாத கலன், சுமார் 35 டிகிரி சூடு. நம்மூர் வெயிலில் அதற்குப் பெரிய செலவில்லை. கவனிக்க வேண்டியது புளிப்பைத்தான். புளிப்பு ஏறி பிஎச் 5-க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் வருவது குறைந்து நின்றுவிடும். காரம் சேர்த்துப் பிடித்து வைக்க வேண்டும். வரும் வாயுவில் கரியமில வாயுவும் கலந்திருக்கும், அதைப் பிரித்தாக வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு கிலோ சர்க்கரைக்கு, ஏட்டுக் கணக்கில் அதிகபட்சம் 44 கிராம். தரமணி முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தினர் நெல்லிக்குப்பத்தில் வடிசாராய ஆலைக் கழிவுநீரை வைத்துச் செய்து பார்த்து, 2008-ல் வெளியிட்ட முடிவு இது: ஒரு லட்சம் லிட்டரில், தேர்ந்து வளர்த்த மூன்று பாக்டீரியாக்களைக் கொண்டு, சுமார் 40 மணி நேரத்தில் 21 கிலோ. ஹைட்ரஜன் கார் மூன்றின் டாங்கியை நிரப்பலாம், அவ்வளவுதான்.

சர்க்கரையின் ஆற்றலில் பெரும்பகுதி புளித்த நீரிலேயே அமிலமாகத் தங்கிவிடுகிறது. புளித்த மாவைக் கொட்டாமல் ஊத்தப்பம் ஊற்றுகிறோம் அல்லவா? இந்த நீரையும் இரண்டாவது கலனுக்கு அனுப்பி மீத்தேன் எடுக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு மட்டும் கலன் கட்டினால், என் கணக்கில், நஷ்டம்தான்.

இப்படிக் கலன் கட்டக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இடம் பார்ப்பவருக்கு ஒரு வார்த்தை: மாம்பழக் கழிவு வருவது வருஷத்தில் சில மாதங்களே. மீதி மாதங்களுக்குக் கோயம்பேட்டுச் சந்தைக் கழிவு கிடைக்குமா என்று உறுதிசெய்துகொண்டு கலனின் அளவை முடிவு செய்யுங்கள்.