அட்டைக்கடியும் அறுவை மருத்துவமும்

ஜெலுபு, ரெம்பாவ், தம்பின் வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் சீவிய நம் முன்னோர், காலில் ஏறிய அட்டையை உப்பும் சுண்ணாம்பும் இட்டு உதிர்த்தனர். அட்டை விழுந்த பின்னும் குருதி நெடுநேரம் கசிவதைக் கண்டனர். அக்கசிவின் காரணமே இன்று அறுவை மருத்துவத்தின் ஓர் இக்கட்டிற்கு விடையாகியுள்ளது. அதனை ஈண்டு விளக்குவோம்.

செம்பனைக் குலை வெட்டும் அரிவாளால் ஒருவர் விரல் துண்டானது எனக் கொள்வோம். விரலின் குருதிக்குழாய் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமே உடையது. மருத்துவர் அதனை நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய இழையால் தைக்கிறார். தைத்த இடத்தில் குருதி உறைந்தால் விரல் மடியும்; முதல் 3 நாள்களில் இவ்விடர் மிகுதி. ஆதலால் ஹெப்பாரின் என்னும் மருந்து கலந்த உப்புநீரால் குழாயைக் கழுவுவது வழக்கம்.

சிலருக்கோ அம்மருந்தே பகையாகிறது. பெரும்பாலும் 5 முதல் 10 நாள்களில், ஹெப்பாரினும் தட்டணுப் புரதமும் இணைந்த கூட்டுக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. அவை தட்டணுக்களைத் தூண்டுவதால் தட்டணு எண்ணிக்கை குறைகிறது, குருதியோ உறைகிறது. இத்தகையோருக்குக் கழுவுநீரிலுள்ள சிறிதளவு ஹெப்பாரினும் ஆகாது.

1884ஆம் ஆண்டில் ஜான் ஹேகிராஃப்ட் என்னும் அறிஞர், மருத்துவ அட்டையிடம் குருதியுறைவைத் தடுக்கும் பொருள் உண்டெனக் கண்டறிந்தார். பின்னாளில் ஹிருடின் எனப் பெயர்பெற்ற அது, உறைவை உண்டாக்கும் திராம்பின் என்னும் நொதியை நேரே முடக்குகிறது. அதனைப் பின்பற்றி உருவாக்கப்பட்டதே பிவாலிருடின். அர்காட்ரோபான் என்னும் செயற்கை மருந்தும் அந்நொதியையே தடுக்கிறது. இவை அமைப்பில் ஹெப்பாரினை ஒவ்வாதவை. ஆதலின் அவ்வெதிர்ப்பொருள்கள் இவற்றைத் தாக்குவதில்லை. அர்காட்ரோபான் கல்லீரல் வழியே கழிவதால், சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு ஏற்றதாகிறது. எனினும் அளவு மிகின் குருதிப்பெருக்கு நேரும். எனவே குருதியை அடிக்கடி சோதித்தே இவற்றைச் செலுத்துவர்.

மருந்தோடு பராமரிப்பும் வேண்டும். உடலை வெதுவெதுப்பாக வைத்தல், நீர்ச்சத்துக் குறையாது காத்தல், புகைபிடியாமை, விரலின் நிறத்தையும் சூட்டையும் மணிக்கொருமுறை நோக்குதல் ஆகியன அவை. தோட்டத்து அட்டையைப் பிடித்துப் புண்ணில் விடுதல் தீங்காகும். அதனால் நோய்க்கிருமி தொற்றும்.

மருத்துவர் மாற்று மருந்தைத் தேர வேண்டுமாயின், ஹெப்பாரின் ஆகாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியோர்க்கு எம்மருந்தாவது ஒவ்வாமற் போனதுண்டா என்று இன்றே கேளுங்கள். அதன் பெயரைத் தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக் கொடுங்கள். அவசர வேளையில் அவர்களால் சொல்ல இயலாததை அத்தாள் சொல்லும்.