குற்றாலக் குறவஞ்சியில் உடையும் அணியும்

கதைமாந்தரின் உடையும் அணியும் அவர்தம் நிலையையும் இயல்பையும் புலப்படுத்தும் என்பது இலக்கியம் பயில்வார் அறிந்ததே. ஆயின், அவை எவரிடத்து விளக்கம் வேண்டாது அமைகின்றன, எவரிடத்து விளக்கம் வேண்டி நிற்கின்றன என்பதும் உடன் ஆராயத்தக்கதாம். இதற்குக் குற்றாலக் குறவஞ்சி நல்லதொரு சான்று.

இந்நூலை யாத்த திரிகூடராசப்பக் கவிராயர் இலஞ்சிக்கு அணித்தான மேலகரத்திற் பிறந்தவர். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (1706–1732) இந்நூலுக்குப் பரிசாக அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது.

தலைவி வசந்தவல்லி பொன்னணி பூண்டு தோன்றுகின்றாள். அவை யார் தந்தவை என்று எவரும் வினவுவதில்லை. அவள் நிலைக்கு அவை இயல்பு. குறி சொல்லிப் பரிசு பெற்று வரும் சிங்கியின் நிலையோ வேறு. அவளைத் தேடியலைந்து குற்றாலத் தெருவிலே கண்ட சிங்கன், தனக்குத் தோன்றுவதைச் சொல்லவும் அஞ்சுகின்றான்; பின் ஒவ்வோர் அணியையும் சுட்டி வினவுகின்றான். சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பு; பாடகம் நாங்கூழ்; கெச்சம் செத்த தவளை; பீலி சுருண்டு கிடக்கும் பூச்சி; சல்லாச் சேலை வாழைக்குருத்து; அரைஞாண் சாரைப்பாம்பு.

இது நகைச்சுவை என்பது உண்மையே. எனினும் நகையின் அடியில் இருவர் இயல்பும் விளங்குகின்றன. காடும் வயலும் தந்த பொருள்களையன்றிப் பிறவற்றை அறியாதவன் சிங்கன். ஆதலின் கண்டதையெல்லாம் தான் அறிந்த உயிராகவே காண்கின்றான். அணியின் பெயரை அறிதலும் ஒரு நிலைக்குரிய அறிவே என்பது இதனாற் பெறப்படும்.

சிங்கியின் விடைகளோ ஒரு முறைமைப்பட்டவை. சிலம்பு சேலத்து நாட்டிற் பெற்றது. பீலி கண்டி தேசத்தது. சேலை நெல்வேலியார் தந்தது. முத்தாரம் காயலார் அளித்தது. சவடி குட்டநாட்டாரும் காயங்குளத்தாரும் இட்டது. இலஞ்சிக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியே மலைநாட்டுக்குச் செல்லும் பழைய நெறியை நினைப்பார்க்கு, காயங்குளத்தின் பெயர் ஈண்டு வருதல் வியப்பன்று.

ஒவ்வோர் அணிக்கும் ஈந்தார் பெயரோ பெற்ற நாடோ கூறவேண்டியிருத்தலே நாம் கருதத்தக்கது. எளியவர் மேனியில் ஏறிய பொன் சான்று கேட்கப்படுகின்றது. சிலப்பதிகாரத்தில் அயலூர் புகுந்த கோவலன் கைச் சிலம்பும் இவ்வாறே ஐயத்திற்கு இடனாயிற்று. ஆண்டு அவன் சொல் கேட்கப்படவில்லை, உயிர் போயிற்று. ஈண்டுச் சிங்கன் கேட்கின்றான், சிங்கி சொல்லுகின்றாள். ஐயம் நகையாய் முடிகின்றது.

பாண்டியன் மகளும் சோழன் மகளும் தந்தனர் என்றல் வெறும் புனைந்துரையன்றோ எனின், அன்று. கவிராயர் காலத்தே அவ்வரசுகள் இல்லை என்பது மெய்யே. ஆயினும், தன் அணி அனைத்தும் தன் தொழிலுக்குக் கிடைத்த வரிசை என்று தளராது கூறும் பெண்ணொருத்தியை அவர் படைத்துள்ளார். வசந்தவல்லியின் அணி அவள் பிறந்த நிலையைக் காட்டும். சிங்கியின் அணி அவள் ஈட்டிய நிலையைக் காட்டும். இவ்வேறுபாட்டை உளங்கொண்டு பிற குறவஞ்சி நூல்களையும் ஒப்புநோக்குதல் ஆராய்வார் கடனாகும்.