பேட்டரி கார் பாதி வழியில் நிற்பதேன்?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி முதியோரை ஏற்றிச் செல்லும் பேட்டரி காரைப் பார்த்திருப்பீர்கள். புகையில்லை, இரைச்சலில்லை. ஆனால் மின்சாரம் தீர்ந்தால், நடக்க முடியாதவர்கள் வெயிலில் நிற்க வேண்டியதுதான்! ஒரே மின்னேற்றத்தில் அதிக தூரம் ஓட வைப்பது எப்படி?

இத்தகைய வண்டிகள் பலவற்றில் இருப்பது ஈய-அமில பேட்டரி. 1859-இல் பிரெஞ்சு அறிஞர் பிளான்டே கண்டுபிடித்தது. கந்தக அமிலக் கரைசலில் ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடு தகடும் மூழ்கியிருக்கும். வண்டி ஓடும்போது இரண்டிலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றினால் தகடுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

தீர்ந்த பேட்டரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால் என்ன ஆகும்? சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு எளிதில் மாறாது. தகட்டின் அந்தப் பகுதி பயனற்றுப் போகும். வண்டி ஓடும் தூரமும் குறையும்.

ஆகவே முற்றிலும் தீருமுன், அன்றன்றே மின்னேற்ற வேண்டும். மதுரை வெயிலில் பேட்டரி நீர் விரைவில் குறையும். நீர் ஊற்றும் வகையானால், தகடுகள் வெளியே தெரியாமல் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். உப்புக் கலந்த கிணற்று நீர் தகட்டைக் கெடுக்கும்.

சக்கரத்தில் காற்றும் குறையக் கூடாது. காற்றிறங்கிய சைக்கிளை மிதித்துப் பாருங்கள், காரணம் உங்கள் கால்களுக்கே புரியும்!