பந்தயத்திற்கு வீதியா, தனிக் களமா?

பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிப் பக்கம் பிரயாணம் செய்தவர்கள் அவ்வூர்ச் சாலையை எளிதில் மறக்கமாட்டார்கள். இருமருங்கிலும் பழங்கள் குவிந்து கிடக்கும். விலை பேசுவோரும், பாரம் ஏற்றும் லாரிகளும், பள்ளிக்கூடம் செல்லும் சிறுவரும், கும்பகோணம் நோக்கி விரையும் பஸ்களும் அந்த ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்வர். இவர்களுக்கு இடையே வாலிபர் சிலர் மோட்டார் சைக்கிள்களில் ஒருவரையொருவர் முந்திப் பறப்பதைக் காணும்போது நம் நெஞ்சு பதைக்கிறது. இது பண்ருட்டிக்கு மட்டும் உரிய காட்சியன்று. நம் மாகாணத்தின் எந்தப் பெருஞ்சாலையிலும் காணக்கூடியதே. வேகத்தில் நாட்டங்கொண்ட இவ்விளைஞரை வைது பயனில்லை. அவர்களுக்கு உரிய இடத்தை நாம் காட்டியிருக்கிறோமா என்பதே கேள்வி.

இக்கேள்வியை மனத்திற் கொண்டுதான், 2024-ம் வருஷம் சென்னையில் நடந்த வீதிப் பந்தயத்தை நாம் ஆராயவேண்டும். தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகியவற்றை அடக்கி, 3.5 கிலோமீட்டர் நீளமும் 19 திருப்பங்களும் உள்ள பாதை வகுக்கப்பட்டது. 2023 டிசம்பரில் நடக்கவிருந்த பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிவைக்கப்பட்டு, 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய தினங்களில் இரவில் மின்விளக்கொளியில் நடைபெற்றது. இடையில் விஷயம் ஐகோர்ட்டுக்குச் சென்றது; சர்க்கார் செலவிட்டதாக அங்கே பேசப்பட்ட தொகை 42 கோடி ரூபாய். 2024 பிப்ரவரியில் கோர்ட்டார் சில நிபந்தனைகளுடன் பந்தயத்தை அனுமதித்தனர்.

வீதிப் பந்தயத்திற்கு நன்மையே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். செல்வர் சிலரின் பொழுதுபோக்கென்று கருதப்பட்ட ஒன்றை, நகரத்தின் நடுவே சாமானிய ஜனங்களும் கண்டு களித்தனர். மொனாகோ நகரில் 1929-ல் தொடங்கிய வீதிப் பந்தயம் அச்சிறு நாட்டிற்கே அடையாளமாகிவிட்டது. எனினும், இரண்டு நாள் திருவிழாவுக்காகச் சாலையைச் செப்பனிட்டு, தடுப்புச் சுவரும் வலையும் நிறுத்தி, போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, பிறகு யாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் அருகிலுள்ள வட்டாரத்தில் வழியடைப்பதன் அபாயத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் 2023 பிப்ரவரியில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்களின் பந்தயம் நடந்தது. மறு வருஷம் நடக்கவிருந்தது ரத்தாயிற்று. அவ்வூர் இளைஞன் ஒருவன் ஓட்டிப் பழக அங்கே எஞ்சியது யாது?

அன்றியும், வீதியில் தவறிய காருக்கு ஒதுங்க இடமில்லை, சுவரில்தான் மோதவேண்டும். இத்தாலியில் பொதுச் சாலைகளிலேயே நடந்த மில்லே மில்லியா பந்தயத்தில், 1957-ல் ஒரு காரின் டயர் வெடித்து, வேடிக்கை பார்த்து நின்றோரில் 9 பேர் மாண்டனர். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அத்துடன் அப்பந்தயம் நிறுத்தப்பட்டது. ஆங்கிலேயரோ தம் தாய்நாட்டுச் சாலைகளில் பந்தயத்திற்கு இடங்கொடாமையால், 1907-லேயே புரூக்லண்ட்ஸில் தனிக் களம் அமைத்துக்கொண்டனர்.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையொன்று சோழவரத்தில் வீணே கிடந்தது. சென்னை மோட்டார் பந்தயப் பிரியர்கள் அதையே களமாக்கிப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். பின்னர் அவர்களது சங்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தக் களம் அமைத்தது. 1990 முதல் அங்கே பந்தயங்கள் நடந்து வருகின்றன. கோயம்புத்தூரில் கரிவரதனின் பெயர் தாங்கிய களம் எழுந்தது. 2005-ல் பார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும், 2010-ல் அவரைத் தொடர்ந்த கருண் சந்தோக்கும் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டது தற்செயலன்று. களம் இருந்த இடத்தில் வீரர் தோன்றினர்.

நிரந்தரக் களம் இருந்தால் மட்டும் போதுமா என்று சிலர் வினவலாம். போதாதென்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய களத்தில் 2011 முதல் 2013 வரை மூன்றே வருஷங்கள் பார்முலா 1 பந்தயம் நடந்தது. வரித் தகராறுகளுக்கு இடையே அது நின்றுபோயிற்று. களத்திலும் மரணம் நேர்வதுண்டு. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையிலேயே விபத்தில் உயிர்கள் பலியாயின. ஆதலின், உலகம் வியக்கும் மாளிகை நமக்கு வேண்டுவதில்லை. வருஷம் முழுவதும் புழங்கும் சிறு களமும், தேர்ந்த ஆசிரியரும், வைத்திய உதவியும், ஏழை வீட்டுப் பிள்ளையும் செலுத்தக்கூடிய கட்டணமுமே வேண்டும்.

பண்ருட்டிக்கு மேற்கே உளுந்தூர்பேட்டையிலும் யுத்த காலத்து விமானத்தளம் ஒன்று உண்டு. விமானப் போக்குவரத்துக்கு அது வேண்டியிராவிடில், சோழவரத்தைப் போல் அதையும் பயன்படுத்தலாகாதா என்று சர்க்கார் ஆராயவேண்டும். இதற்கென ஒரு முந்திரித் தோப்பையோ நன்செய்யையோ அழிக்க வேண்டியதில்லை. வீதிப் பந்தயம் நடத்த விரும்புவோர் தம் செலவில் நடத்தட்டும். ஆஸ்பத்திரி வழியை அடைக்காமல் நடத்தட்டும். பொதுப்பணம் முதலில் களத்திற்கே செல்லவேண்டும் என்பது நமது துணிபு.

சாலை எல்லோருக்கும் பொது. பலாப்பழம் சுமந்து செல்லும் கிழவிக்கும் அதில் உரிமையுண்டு. வேகத்தை விரும்பும் வாலிபனுக்கு நாம் களம் அமைத்துக் கொடுத்தால், அக்கிழவியும் அச்சமின்றிச் சாலையைக் கடப்பாள். அவனும் உயிருடன் வீடு திரும்புவான்.