தெமியாங்கில் தொடங்கும் ஆட்டம்

சிரம்பான் நகரின் ஒரு பகுதியாகிய தெமியாங்கிலிருந்து நெகிரி செம்பிலானின் வரைபடத்தை விரித்து நோக்குவோமாயின், சாலைகளால் பிணைந்த அவ்வூர்க் கூட்டமே கணித சாஸ்திரிகள் கோட்டுரு என்று வழங்கும் அமைப்புக்கு உத்தமமான உதாரணமாகும். அதன்மீது இருவர் ஆடும் ஆட்டமொன்றைக் கற்பித்துக்கொள்வோம்: காய் ஒன்றே, முறைக்கு ஒருவராக அதை அடுத்த ஊருக்கு நகர்த்த வேண்டும், ஒருமுறை தங்கிய ஊருக்கு அது மீளலாகாது, நகர்த்த வழியற்றவர் தோற்றவர். சதுரங்கத்திற்போல் வெள்ளை, கறுப்பு என்ற பேதம் இதில் இல்லை.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கும், ரெம்பாவுக்கும், புக்கிட் புத்துஸ் வழியே கோலா பிலாவுக்கும், ரெம்பாவிலிருந்து தம்பினுக்கும், தம்பினிலிருந்து கோலா பிலாவுக்கும், அங்கிருந்து பகாவுக்கும் செல்லும் சாலைகளை மட்டும் கொள்வோம். இந்த ஆறு ஊர்களையும் சிரம்பான்–போர்ட்டிக்சன், ரெம்பாவ்–தம்பின், கோலா பிலா–பகாவ் என மூன்று ஜோடிகளாக்கிவிட்டால், காய் எங்கு நின்றாலும் முதலில் ஆடுபவருக்கே ஜயம். ஜோடி ஊருக்கு அதை நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும், எதிரி எந்தப் புதிய ஊரை அடைந்தாலும் அதன் ஜோடி தீண்டப்படாமல் இருக்கும்.

1891-இல் ரயில் பாதையும் சிரம்பானோடு பிணைத்த போர்ட்டிக்சன், நம் படத்தில் ஒற்றைச் சாலையின் முனையில் கிடப்பதாயினும், அதை நீக்கிவிட்டால் சிரம்பானில் தொடங்குபவர் தோற்றே தீர்வார். அவர் ரெம்பாவுக்குச் சென்றால் எதிரி தம்பினுக்கும், கோலா பிலாவுக்குச் சென்றால் பகாவுக்கும் போய்விடுவார். ஊர்களின் தொகை ஒற்றைப்படையானதே காரணம் என்பதற்கில்லை. ரெம்பாவில் தொடங்குபவர் அப்போதும் வெல்கிறார்.

சூட்சுமம் இதுதான்: அதிகபட்ச ஜோடிகளை எவ்விதம் அமைத்தாலும் தொடக்க ஊர் அவற்றில் இடம்பெறுமாயின் முதலாமவருக்கு வெற்றி, ஓர் அமைப்பிலேனும் விடுபடுமாயின் தோல்வி. விடுபட்ட அமைப்பைக் கைக்கொண்ட இரண்டாமவர் ஜோடிக்கு ஜோடி பதிலாடுவார்; முதலாமவர் ஜோடியற்ற வேறோர் ஊரை எட்டிவிடக்கூடுமாயின், வந்த வழி நெடுகிலும் ஜோடிகளை மாற்றியமைத்து அவற்றின் தொகையில் ஒன்றைக் கூட்டிவிடலாம், அதிகபட்சம் என்று கொண்டதற்கே அது முரணாகும். இத்தனை சிறிய வாதம் இத்தனை பெரிய உண்மையைத் தாங்குவது எனக்கு என்றும் தீராத வியப்பு. ஆயிரக்கணக்கான ஊர்களிருப்பினும் அதிகபட்ச ஜோடிகளைத் துரிதமாகக் காணும் மார்க்கத்தை 1965-இல் ஜாக் எட்மண்ட்ஸ் அளித்துவிட்டார்.

ஆனால் பிள்ளைகள் ஒரு பெயர் சொல்லி, அதன் கடையெழுத்தில் தொடங்கும் மற்றொரு பெயரைத் தேடும் விளையாட்டில் பாதைகள் ஒருவழிப்பாதைகள். ரோமன் எழுத்தில் எழுதினால் தம்பினிலிருந்து நிலாய்க்குப் போகலாம், நிலாயிலிருந்து தம்பினுக்குத் திரும்ப இயலாது. இத்தகைய ஆட்டத்தில் வெல்பவரைப் பொதுவாக நிர்ணயிப்பது, கணிப்பொறிகளுக்கும் மிகக் கடினமென்று கருதப்படும் பிரச்சினைகளுள் ஒன்றென 1978-இல் தாமஸ் ஷேஃபர் நிறுவினார்.