பிக்கப் டிரக்கின் முதுகு

முன்னால் ஓட்டுநர் அறை. பின்னால் கூரையில்லாத சரக்குத் தொட்டி. இதுதான் பிக்கப் டிரக். அமெரிக்காவில் உழவர், தச்சர், கொத்தனார் எனப் பலரும் இதை வைத்திருக்கின்றனர். இதை வாங்குபவர் எஞ்சினை மட்டும் பார்த்தால் போதாது. தொட்டியின் வடிவத்தையும் நீளத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு தவறினால் பணம் மட்டுமா வீண்? உயிருக்கே ஆபத்து நேரலாம். எப்படி என்று பார்ப்போம்.

இரு வடிவங்கள்

1925ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தன் 'மாடல் டி' வண்டியில் சிறிய தொட்டியைப் பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. அக்காலத் தொட்டிகள் பின் சக்கரங்களுக்கு இடையில் அடங்கிய குறுகிய பெட்டிகள். மட்கார்டுகள் வெளியே புடைத்திருக்கும். அவற்றின் முன்னால் ஏறுவதற்கு ஒரு படி உண்டு. ஆகவே இது 'ஸ்டெப்சைடு' எனப்பட்டது. தளத்தில் மேடு பள்ளம் இல்லை. ஆனால் இடம் குறைவு.

1957இல் ஃபோர்டும் 1958இல் செவர்லேயும் தொட்டியின் சுவர்களைச் சக்கரங்களுக்கு வெளியே நகர்த்தின. இடம் பெருகியது. ஆனால் சக்கரங்களை மூடும் இரு மேடுகள் தொட்டிக்குள் எழுந்தன. பெரிய டிரக்குகளில் இம்மேடுகளுக்கு இடையே 4 அடிக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி இருக்கும். காரணம் என்ன தெரியுமா? ஒட்டுப்பலகையின் வழக்கமான அளவு 4 அடிக்கு 8 அடி. அது தளத்தில் படுக்க வேண்டும் அல்லவா!

நீளம் எவ்வளவு?

பெரிய டிரக்குகளின் தொட்டிகள் ஏறத்தாழ ஐந்தரை, ஆறரை, எட்டு அடி நீளங்களில் கிடைக்கின்றன. எட்டடித் தொட்டியில் முழுப் பலகையும் அடங்கும். ஆனால் வண்டி நீண்டுவிடுவதால் குறுகிய தெருவில் திருப்புவது கடினம். குட்டைத் தொட்டி எளிதில் திரும்பும். பலகையோ பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

கொள்ளளவு வேறு, சுமை வேறு

எட்டடித் தொட்டியின் கொள்ளளவு சுமார் ஒன்றே முக்கால் கன மீட்டர் எனக் கொள்வோம். அதில் வைக்கோலை விளிம்புவரை அடுக்கலாம். மணலை நிரப்பலாமா? ஒரு கன மீட்டர் உலர்ந்த மணல் ஏறத்தாழ 1,600 கிலோ. முழுத் தொட்டி 2,800 கிலோ! வண்டி தாங்குவதோ ஒரு டன்தான் என்றால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே நிறுத்திவிட வேண்டும்.

சுமையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். டிரக் ஒரு நெம்புகோல். பின் அச்சே அதன் தாங்குபுள்ளி. இரு அச்சுகளுக்கும் இடையே 3.6 மீட்டர் தூரம் இருக்கட்டும். பின் அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் 500 கிலோ சுமையை வைக்கிறோம். முன் அச்சின் பளு 500 × 0.9 ÷ 3.6 = 125 கிலோ குறைகிறது. பின் அச்சிலோ 625 கிலோ கூடுகிறது! வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையும் அவற்றுக்கே. அவை சாலையை அழுத்தும் விசை குறைந்தால் பிடிமானமும் குறையும். ஈரச் சாலையில் அது விபத்தில் முடியலாம். எனவே கனமான பொருளைப் பின் அச்சுக்கு முன்னால், ஓட்டுநர் அறையை ஒட்டி வைத்துக் கட்டுவதே நன்று.

எந்த உலோகம்?

எஃகு உறுதியானது, ஆனால் கீறல் விழுந்தால் துருப்பிடிக்கும். அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஃபோர்டு தன் 2015ஆம் ஆண்டு எஃப்-150 டிரக்கின் தொட்டியை அலுமினியக் கலவையால் செய்தது. வண்டியின் எடையில் குறையும் ஒவ்வொரு கிலோவும், சுமக்கக்கூடிய சரக்கில் கூடும் கிலோ ஆகலாம்.

மாணவர்களே, ஓர் அளவுகோலை மேசை விளிம்பில் வைத்து, ஒரு பகுதி வெளியே நீட்டியிருக்கச் செய்யுங்கள். நீட்டிய முனையில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். மறுமுனை எப்போது மேலெழுகிறது? டிரக் வாங்குபவர் மறக்கக் கூடாத பாடம் அதுவே.