அஞ்ச வைக்கும் எலும்புகள்

தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறுவோர் ஒரு மணி நேரத்திற்குள் எழும்பூரில் இறங்கி அரசு அருங்காட்சியகத்தை அடைந்துவிடலாம். 1851 இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் விலங்கியல் கூடத்தில் பாடம் செய்யப்பட்ட பறவைகளும் விலங்குகளும் ஏராளம். எனினும், சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் தம்மை மறந்து நிற்கும் இடம் திமிங்கல எலும்புக்கூட்டின் அருகேதான். 1874 இல் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலம் அது. மங்களூர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. எலும்புக்கூட்டின் நீளம் 18 மீட்டருக்கும் மிகுதி. ஒரு நகரப் பேருந்தை அதன் அருகில் நிறுத்தினால் பேருந்தே சிறிதாகத் தோன்றும்.

கொடிய உருவங்களை மனிதர் ஏன் தேடிச் சென்று பார்க்கின்றனர்? உயிருள்ள விலங்கைக் கண்டால் கால்கள் ஓடத் தூண்டும். எலும்புக்கூடு துரத்தாது. ஆதலால் அச்சம் அங்கே தப்பிக்கும் வழியைத் தேடாமல், உற்றுநோக்கும் ஆவலாக மாறுகிறது. அவ்வாறு உற்றுநோக்குபவருக்கு முதலில் கிடைப்பது வியப்பு: அவ்வளவு பெரிய தாடையில் ஒரு பல்கூட இல்லை! இவ்வகைத் திமிங்கலத்தின் மேல்தாடையில் சீப்பின் பற்களைப் போலத் தகடுகள் தொங்கும். நம் நகங்கள் எப்பொருளால் ஆனவையோ அப்பொருளால் ஆனவை அவை. வாய்கொள்ளக் கடல்நீரை அள்ளி, தகடுகளின் வழியே வடித்து, கூனிறால் போன்ற சிற்றுயிர்களை அது விழுங்குகிறது. துடுப்பைக் கூர்ந்து பார்த்தால் கை எலும்பும் விரல் எலும்புகளும் தெரியும். நிலத்தில் நடந்த பாலூட்டியின் வழித்தோன்றல் இது என்பதற்கு அவ்விரல்களே சான்று.

உண்மையிலேயே அஞ்சத்தக்க பற்களை உடையது சுறா. ஆனால், அதன் உடற்சட்டகம் குருத்தெலும்பால் ஆனது, எளிதில் மட்கிவிடும். அதனால் பண்டைய சுறாக்களில் பெரும்பாலும் பற்களே எஞ்சியுள்ளன. தாடை எவ்வளவு பெரியது என்பதைப் பற்களைக்கொண்டு ஊகிக்க வேண்டும். இவ்வூகம் வழுக்கியதும் உண்டு. 1909 இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மெகலோடான் என்னும் அழிந்துபோன சுறாவின் தாடை மாதிரி அமைக்கப்பட்டது. அதற்குள் ஆறு பேர் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டனர். பக்கப்பற்கள் முன்பற்களைவிடச் சிறியவை என்பது பின்னரே தெரிந்தது; தாடை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக அமைந்துவிட்டது. மக்கள் கூட்டமோ அந்த மிகையையும் விரும்பிப் பார்த்தது.

தாம்பரத்தைச் சூழ்ந்த குன்றுகளில் இத்தகைய எச்சங்களைத் தேடிப் பயனில்லை. பல்லாவரம் பகுதியின் சார்னோக்கைட் பாறை புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது; மீன்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தையது. இதே இருப்புப்பாதையில் தெற்கே, விழுப்புரத்தைக் கடந்து அரியலூருக்குச் சென்றால் நிலம் வேறாகிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் பரந்திருந்தது. காரை கிராமத்தை ஒட்டிய செம்மண் ஓடைகளில் சுறாப் பற்களும் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டு ஓடுகளும் கிடைத்துள்ளன. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் கிடைத்த முதுகெலும்புகளைக் கொண்டு, மீனுருவம் கொண்ட ஒரு கடல் ஊர்வனவிற்கு 1879 இல் ரிச்சர்டு லைடெக்கர் பெயரிட்டார். 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்பது அப்பெயர். வாரணவாசியில் இன்று தொல்லுயிர் எச்சங்களுக்கெனத் தனி அருங்காட்சியகமே உள்ளது.

எழும்பூர்த் திமிங்கலம் கூரையின் கீழ்ப் பாதுகாப்பாக இருக்கிறது. அரியலூரின் எச்சங்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. அவை பொதிந்த வட்டாரத்திலேயே சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல்லும் வெட்டப்படுகிறது. சுரங்கம் தோண்டுவதால்தான் பல எச்சங்கள் வெளிச்சத்திற்கு வருகின்றன. அறிந்தவர் கண்ணில் படாவிடில், கல்லோடு கல்லாக அரைவையில் போவதும் அதனால்தான். தாம்பரத்தில் எழும் அடுக்குமாடி ஒன்றின் சுவரிலும் அப்பழங்கடலின் ஓடுகள் பொடியாய்க் கலந்திருக்கக்கூடும்.